வீரமுத்து வாயில் மிஞ்சிய பெயர்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் காலையில் வீரமுத்து வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம். கட்டின மனைவி யோகேஸ்வரி தலைமாட்டில் நிற்கிறாள், பெற்ற மகள் லோஷினி கால்மாட்டில் நிற்கிறாள், மிஸ்ஸி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மனிதர் கோணிப்போன வாயை அப்படியும் இப்படியும் அசைத்து, கணீரென்று, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"சூசன்!"

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் குடும்பத்தில் சூசன் கிடையாது. பக்கத்து வீட்டில் கிடையாது. கஹாங்கிலிருந்து சிகாமட் வரை சொந்தபந்தத்தில் தேடினாலும் ஒரு சூசன் அகப்படமாட்டாள். மிஸ்ஸிக்கு இதெல்லாம் தெரியுமா? பேச்சு வந்ததே பெரிய சங்கதி என்று பூரித்துப்போய், "புவானோட பேர்தானே?" என்று மலாயில் கேட்டாள். மானம் போகிற நேரத்தில் யாருக்கு யோசனை ஓடும்? யோகேஸ்வரி ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியை விட்டு வருகிற நாள் வரைக்கும் அந்த வார்டில் அவளுக்குப் பெயர் புவான் சூசன், அதாவது திருமதி சூசன். மருந்துக்கும் புவான் சூசன், கஞ்சிக்கும் புவான் சூசன். கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் போனாள்.

"அம்மா, யாரும்மா அது?" என்று லோஷினி படிக்கட்டில் வைத்துக் கேட்டாள். அவள் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், தினமும் பாலத்தைக் கடந்து போய்வருகிறவள்.

"என்னையக் கேட்டா? ஒங்கப்பாவக் கேளு."

"அப்பாவால பேச முடியாதும்மா."

"அதான் பேசுனாரே, கேக்கலியா ஒனக்கு?"

யோகேஸ்வரியின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கஹாங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய் உதிரிப்பழம் பொறுக்கிக் கோணியில் போட்டு முதுகு ஒடிந்தவள். இருபத்து நான்கு வயதில், லோரி ஓட்டிக்கொண்டிருந்த வீரமுத்துவுக்குக் கழுத்தை நீட்டி, பெர்மாஸ் ஜெயாவில் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தாள். பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. நாற்பது குழந்தைகளுக்கு மீ கோரெங் கிளறிய கை. வீரமுத்து லோரியை விட்டு ஃபேக்டரி பஸ்ஸுக்கு மாறினார். காலை நாலரைக்கு எழுந்து, பெண்களை அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங்கில் இறக்கிவிடுவார். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வாய் மட்டும் கொஞ்சம் சத்தம். இருபத்தெட்டு வருசம் இப்படியே ஓடிப்போனது.

இந்த இருபத்தெட்டு வருசத்தில் ஒரு நாளாவது அவர் அவளை யோகேஸ்வரி என்று கூப்பிட்டதில்லை. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவளும்தான் அவரைப் பெயர் சொன்னதில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. ஹாலில் இருந்துகொண்டு "இந்தா" என்பார், அவள் "என்னாங்க" என்பாள். போனில் "நான்தான்" என்பார், அவள் "சொல்லுங்க" என்பாள். அதில் ஒரு குறையும் இருந்ததாக அவளுக்குத் தோன்றியதே இல்லை, இந்தச் சூசன் வந்து நிற்கிறவரைக்கும்.

மூன்றாவது வாரம் பேச்சுப் பயிற்சி ஆரம்பமானது. சொல்லித்தந்தவள் நாடியா என்ற இளம்பெண். தலையைச் சுற்றி மஞ்சள் தூடோங், பொறுமையான முகம். மலாயில் நிதானமாகப் பேசினாள். முதல் நாளே யோகேஸ்வரியைக் காட்டி, "பாச்சே, இது யாரு?" என்று வீரமுத்துவை மாமா முறை வைத்துக் கேட்டாள்.

வீரமுத்து யோகேஸ்வரியை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. தொண்டைக்குள் என்னவோ உருண்டது. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று யோகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சூசன்."

நாடியா கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். அதில் வேறு பெயர் இருந்தது. ஏதோ எழுதினாள். அவள் என்ன எழுதினாள் என்று தெரியாமல் யோகேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாடியா பென்சிலைக் காட்டிக் கேட்டாள், சூசன். குவளையைக் காட்டினாள், சூசன். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னபோது மட்டும் 'சத்து, டுவா, தீகா' என்று பத்துவரை மலாயில் மளமளவென்று ஓடியது. எண்ணி முடித்த வாய்க்கு அந்தக் குவளையின் பெயர் மட்டும் வரவில்லை. நாடியா கையிலிருந்த பேனா கீழே விழுந்தபோது "அலமாக்!" என்று, ஐயையோ சொல்கிற மாதிரி, சுத்தமாகச் சொன்னார்.

அலமாக் வருகிறது, பத்து வரை எண்ண வருகிறது, பொண்டாட்டி பெயர் வரவில்லையா? யோகேஸ்வரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள். இவர் வேண்டுமென்றே செய்கிறாரா என்று கேட்டாள்.

நாடியா ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூளையின் படம். இடப் பக்கம், நெற்றிப்பொட்டுக்குச் சற்று உள்ளே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். புரோக்கா பகுதி என்று பெயராம். சொல்லைக் கோத்து வாய்க்கு அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்காம். வீரமுத்துவுக்கு ரத்தம் போகாமல் அடிபட்டது அந்த இடமும் அதை ஒட்டியிருக்கிற இடமும். கையை ஆட்டுகிற இடம் பக்கத்திலேயே இருப்பதால்தான் வலது கையும் தொங்கிப்போனது. பிறகு விரலைக் காதுக்குப் பின்பக்கமாக நகர்த்தினாள். அது வெர்னிக்கி பகுதி. காதில் விழுகிற பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை அங்கே. அந்த இடம் பாச்சேவுக்கு ஏறக்குறைய நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் முடியவில்லை. எண்ணிக்கை, திட்டு, பாட்டு இதெல்லாம் பழகிப் பழகித் தானாக ஓடுகிறவை, அவை சில பேருக்குத் தப்பித்துவிடும் என்றாள்.

யோகேஸ்வரி தனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டாள். பின்கட்டில் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது, முன்வாசல் கதவு மட்டும் இறுகிக்கொண்டது. அதுவரை சரி. படத்தை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப பொண்டாட்டி பேரு எந்த எடத்துல இருக்கும்?"

நாடியா சிரிக்கவில்லை. அதற்கென்று தனியாக ஓர் இடம் கிடையாது, முகம் ஓரிடம், குரல் ஓரிடம், சேர்ந்து வாழ்ந்தது எத்தனையோ இடங்களில் என்றாள். "முன்ன உங்கள எப்படிக் கூப்பிடுவாரு? பழக்கமான சொல்லா இருந்தா அதையே பயிற்சிக்கு எடுத்துக்கலாம்."

"பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"எத்தனை வருசம்?"

"இருபத்தெட்டு."

நாடியா பேனாவை எடுத்தாள், எழுதாமலே மூடி வைத்தாள். எதை எழுதுவது என்று அவளுக்கே குழப்பமாகிவிட்டது. அப்படியென்றால் அந்தச் சூசன் எங்கிருந்து வந்தாள் என்று யோகேஸ்வரி கேட்டாள். சில பேருக்கு ஒரே சொல் வாயில் நின்றுவிடும். அடிக்கடி சொன்னதாக இருக்கலாம், அடி விழுந்த நேரத்தில் வாயில் இருந்ததாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். நாடியா ஆறுதலுக்குத்தான் சொன்னாள். யோகேஸ்வரி காதில் விழுந்தது என்னவோ 'அடிக்கடி சொன்னது' மட்டும்தான்.

வீட்டுப்பாடமும் கொடுத்தனுப்பினாள். குடும்பப் படங்களைக் காட்டி, பெயரைச் சொல்லி, சொல்லவைக்க வேண்டும். லோஷினி படத்துக்குச் சிக்கல் இல்லை. தன் படத்தைத் தானே கையில் பிடித்துக்கொண்டு, புருசனுக்கு எதிரில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கூப்பிடுகிற மாதிரி "யோகேஸ்வரி... யோகேஸ்வரி" என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் கொடுமை. முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு முணுமுணுத்தாள். வீரமுத்துவுக்கும் கூச்சம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனை காலம் கழித்து இரண்டு பேரும் பெண்பார்க்க வந்த அன்று போல் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யோ..." என்று அவர் வாய் குவிந்தது. உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆ, அப்படித்தான், சொல்லுங்க, யோ..."

"...சூசன்."

தண்ணீர் வேண்டுமென்றால் சூசன். டிவி சத்தத்தைக் குறை என்றால் சூசன். ஒரே சொல்தான், ராகம் மட்டும் மாறும். தண்ணீருக்குச் சின்னதாக வெட்டிச் சொல்வார், டாய்லெட்டுக்கு இழுத்துச் சொல்வார். யோகேஸ்வரிக்கு இரண்டே வாரத்தில் எது எதற்கென்று அத்துப்படியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவை அந்தப் பெயரைக் கேட்கும்போதும் நெஞ்சில் முள் குத்தியது. இவர் என்னைத்தான் கூப்பிடுகிறாரா, இல்லை அவளைக் கூப்பிட்டு நான் போய் நிற்கிறேனா? மருந்து கொடுப்பதும் ஊட்டிவிடுவதும் நான். அவர் கண்ணுக்கு நான் யார்? இது தெரியாமல் மிச்ச வருசங்களை எப்படி ஓட்டுவது? அவளுக்கு அழுகை வந்தது, அழக்கூட நேரமில்லாமல் வேலை கிடந்தது.

ஒருநாள் அவர் தூங்கும்போது அவர் போனை எடுத்துப் பார்த்தாள். செய்யக்கூடாத காரியம்தான், செய்தாள். சூசன் என்று எதுவும் இல்லை. அந்த மனிதர் ஒரு பெயரைக்கூடப் பெயராகப் போட்டு வைக்கவில்லை. எல்லாம் அடுக்குமாடி நம்பரும் அடையாளமும்தான், பிளோக் 3, பிளோக் 12, கோயில் எதிர் வீடு. அவள் நம்பருக்கு நேரே 'வீடு' என்று இருந்தது. பிறகு கூப்பிட்ட நம்பர்களைப் பார்த்தாள். பிளோக் 7, காலை ஐந்தே முக்கால். பிளோக் 7, ஐந்தே முக்கால். ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல். அவர் விழுந்த அன்றும் ஐந்து நாற்பத்தாறுக்கு.

தினமும் விடியற்காலையில் என்ன பேச்சு? கூப்பிட்டுப் பார்க்கலாமா? கூப்பிட்டு, அவள் எடுத்து, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய் நெத்திலி ஆய்ந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அந்தத் தப்பு நடந்தது. குளிப்பாட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அடுப்பை அணைக்க வந்தாள். குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"சூசன்!"

யோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள். போகவில்லை. "அவளையே கூப்புடுங்க!" என்று சமையலறையிலிருந்தே கத்தினாள். "அவளே வந்து தொடச்சி விடட்டும்! நான் யாரு ஒங்களுக்கு?"

"சூசன்... சூசன்..."

கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏழெட்டுத் தடவை கூப்பிட்டார். பிறகு சத்தமே இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நாற்காலியிலிருந்து சறுக்கி, சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை, உடம்பு வெடவெடத்துக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் வாயைத் திறந்தார், மறுபடியும் "சூ..." என்று அதுவே வந்தது. உடனே இடது கையை ஓங்கித் தன் வாயிலேயே பளாரென்று அடித்துக்கொண்டார். இன்னொரு அடி. இன்னொன்று. கண்ணில் தாரையாகத் தண்ணீர்.

யோகேஸ்வரி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாடியா காட்டிய படம் அப்போதுதான் அவளுக்கு மெய்யாகவே விளங்கியது. காதுக்குப் பின்னால் இருக்கிற அந்த இடம் நன்றாக இருக்கிறது என்றாளே! அப்படியென்றால் இவர் வாயிலிருந்து வருவது இவர் காதிலும் விழுகிறது. தப்பான சொல் என்று ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறார்.

"வேணாங்க, வேணாங்க, அடிச்சிக்காதீங்க. நான்தான் பாவி, கூப்டதும் வந்திருக்கணும்" என்று அவளும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அவரைத் துடைத்துப் படுக்கவைத்த பிறகு, அவர் போனை எடுத்து பிளோக் 7-ஐ அழுத்தினாள். யாராக இருந்தாலும் இருக்கட்டும், கேட்டுவிடுவது என்று துணிந்துவிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். "அங்கிள்? அங்கிள், பேசுறீங்களா? ஐயோ, அங்கிள்..." என்று ஒரு பெண்குரல். அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

யோகேஸ்வரி தயாராக வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கோ போய்விட்டது. "நான் அவரோட வீட்டுக்காரம்மா. நீ யாரும்மா?"

"சூசன், அன்ட்டி. அங்கிள் பஸ்ல போற சூசன்."

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு சூசன் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது, கையில் ஒரு பை ஆரஞ்சு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க அன்ட்டி. எல்லாம் என்னாலதான்."

உள்ளதைச் சொல்லிவிடப்போகிறாள் என்று யோகேஸ்வரி நினைத்தாள்.

"டெய்லி நான்தான் லேட்டு லா. புள்ளைய நாலாவது மாடியில எங்கம்மா வீட்ல விட்டுட்டு எறங்கணும், லிஃப்ட் எப்பவும் ரோசாக்கு, ஓடாது. அங்கிள் மொதல்ல போன் அடிப்பாரு, நான் எடுக்க மாட்டேன். அப்புறம் ஜன்னல் வழியா சூசன் சூசன்னு கத்துவாரு, பிளோக்கே எந்திரிச்சிரும். ஆனா ஒரு நாளும் என்னைய விட்டுட்டுப் போனதில்ல. அன்னைக்கு நான் வந்து பின்னாலதான் ஒக்காந்திருக்கேன், அங்கிள் இன்னும் பஸ்ஸ எடுக்காம சூசன் சூசன்னு கூப்டுக்கிட்டே இருக்காரு. எல்லாரும் சிரிச்சோம். தெமாசு பண்றாருன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சி, கை ஸ்டீரிங்கிலேருந்து நழுவுது. நான்தான் சாவிய அணைச்சேன். ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "என்னால டென்சன் ஆயிதான் அங்கிளுக்கு இப்படி ஆச்சி. அந்த பயத்துல ஆஸ்பத்திரி பக்கமே வரல அன்ட்டி."

யோகேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் இவளை எந்தெந்த உருவத்தில் எல்லாம் நினைத்துச் சபித்திருக்கிறாள்! பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் அந்த நிமிசம் பாசிர் கூடாங் பெரிய ரோட்டில், லோரிகளுக்கு நடுவே நாற்பது பெண்களோடு போய்க்கொண்டிருக்கும்.

"பைத்தியக்காரி. நீ லேட்டா வந்ததாலதான் அவரு இன்னைக்கி இருக்காரு. உள்ள வா மொதல்ல" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீரமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சூசனைக் கண்டதும் முகத்தின் பாதி மலர்ந்தது, மறுபாதி அப்படியே இருந்தது. வாயைத் திறந்தார். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற பெயர், அதற்கு உரியவளே எதிரில் வந்து நிற்கிறாள், ஆனால் சொல் வரவில்லை. உதடு துடித்தது, வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்சம் திணறிவிட்டு, விட்டுவிட்டார். இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தை அவளுக்கு நேராகக் காட்டினார். புருவம் உயர்ந்தது.

"ஐயோ அங்கிள், இன்னைக்குமா லேட்டு!" என்று சூசன் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். யோகேஸ்வரி தேநீர் கலக்கச் சமையலறைக்குப் போனாள். அவருக்கு அவளைத் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். லேட்டாக வருகிறவள் என்பது வரைக்கும் தெரிகிறது. அப்படியானால் நான்? தண்ணீர் கொதிக்கிறவரைக்கும் அந்தக் கேள்வியோடு நின்றாள்.

"சூசன்!"

சின்னதாக வெட்டிய குரல். ஹாலில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. "என்ன அங்கிள்? என்ன வேணும்?" என்று சூசன் எழுந்துவிட்டாள்.

யோகேஸ்வரி கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். வீரமுத்து சூசனை நோக்கிக் கையை ஆட்டினார், இல்லை, நீ இல்லை, உட்கார் என்று. அவளைத் தாண்டி, சமையலறைப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். யோகேஸ்வரி கண்ணும் அவர் கண்ணும் நேராகச் சந்தித்தன. பக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஏதாவது கொண்டுவந்து கொடு என்று தாடையால் காட்டி, மறுபடியும் கூப்பிட்டார்.

"சூசன்!"

பாவம், அந்தப் பெண் யார் எழுவது என்று தெரியாமல் பாதி எழுந்தபடி விழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒக்காரும்மா, என்னையத்தான் கூப்புடுறாரு" என்றாள் யோகேஸ்வரி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தா, வந்துட்டேங்க."